முதல் மூட்டை எந்த மால்ட்? வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் பீர் காய்ச்சக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸைப் பற்றித்தான். எது எலுமிச்சை மணம் தரும், எது பைன் மர வாசனை தரும் என்று மணிக்கணக்கில் அலசுவார்கள். அடுத்தது ஈஸ்ட். முளைக்கவைத்து உலர்த்திய தானியமான மால்ட் என்று வரும்போது மட்டும் "ஏதாவது ஒரு பேல் மால்ட், அஞ்சு கிலோ" என்று முடித்துவிடுவார்கள்.

நான் அதைவிட ஒரு படி கீழே இருந்தேன். மால்ட் விற்கும் கடையில் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் நாலு மணி எடுத்து மென்று பார்த்தேன். கிரிஸ்டல் மால்ட் மிட்டாய் மாதிரி இனித்தது. இவ்வளவு இனிப்பு இருந்தால் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம்தானே என்று நினைத்து, அதையே நாலு கிலோ வாங்கி, வேறு எதுவும் சேர்க்காமல் காய்ச்சினேன். திரவத்தில் கரைந்திருக்கும் சர்க்கரையை அடர்த்தியை வைத்துச் சொல்லும் ஹைட்ரோமீட்டர் 1.046 காட்டியது (வெறும் தண்ணீர் 1.000, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும்). பரவாயில்லையே என்று தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் 1.029. இன்னும் ஒரு வாரம் விட்டேன், அதே 1.029. ஊற்றிக் குடித்தால் பாகு. ஈஸ்ட் செத்துப்போனது என்று திட்டித் தீர்த்துவிட்டு, புது ஈஸ்ட் போட்டேன். அதுவும் அசையவில்லை.

ஈஸ்ட் மேல் ஒரு தவறும் இல்லை. நான் பேஸ் மால்ட்டே போடவில்லை.

பேஸ் மால்ட் என்ன வேலை செய்கிறது

பார்லியை ஊறவைத்து, முளைவிட வைத்து, சரியான கட்டத்தில் சூடான காற்றால் உலர்த்தி முளையை நிறுத்தினால் மால்ட். ஊறும்போது மணியின் ஈரம் கிட்டத்தட்ட 45 சதவீதம் வரை ஏறும். பிறகு நாலைந்து நாள் முளைக்கும். அந்த நாட்களில் மணிக்குள் இரண்டு காரியம் நடக்கிறது. கல் மாதிரி இறுகியிருந்த உட்பகுதி தளர்ந்து மாவாகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் உருவாகின்றன, ஏற்கனவே இருப்பவை விழித்துக்கொள்கின்றன. செடி வளர வேண்டும் என்பதற்காக விதை செய்துகொள்கிற ஏற்பாடு இது. நாம் நடுவில் புகுந்து பறித்துக்கொள்கிறோம்.

மாவுச்சத்தைச் சர்க்கரை மணிகள் கோத்த நீளமான மாலையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி மாலையை நடுவில் கண்ட இடத்தில் அறுக்கும். பீட்டா அமைலேஸ் முனையிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். அந்த இரண்டு மணிச் சோடிதான் மால்டோஸ், ஈஸ்ட் விரும்பிச் சாப்பிடுவது. பீட்டாவுக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் பிடிக்கும், ஆல்ஃபாவுக்கு 70-ஐ ஒட்டி. அதனால்தான் பெரும்பாலான குறிப்புகளில் மாஷ் 65, 66, 67 என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாஷ் என்பது வேறொன்றும் இல்லை, உடைத்த மால்ட்டை அந்தச் சூட்டில் தண்ணீரோடு ஒரு மணி நேரம் வைத்திருப்பது.

பேஸ் மால்ட் என்றால் இந்த நொதிகள் உயிரோடு இருக்கும் மால்ட். தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துக்கொண்டு, கூட வருகிற மற்றவற்றின் மாவுச்சத்தையும் உடைத்துக்கொடுக்கும். கிரிஸ்டல் மால்ட்டில் அது முடியாது. அதை ஈரமாக இருக்கும்போதே சூடேற்றி, மாவுச்சத்தை மணிக்குள்ளேயே சர்க்கரையாக்கி, அப்புறம் வறுத்துவிடுகிறார்கள். நொதி அந்தச் சூட்டில் அழிந்துவிடும். இருக்கிற சர்க்கரையில் பெரும்பகுதி ஈஸ்ட்டால் தின்ன முடியாத வகை. என் 1.029-க்கு அதுதான் காரணம். சாக்லேட் மால்ட், பிளாக் மால்ட் போன்ற வறுத்த வகைகளும் அப்படியே. இவை எல்லாம் நிறத்துக்கும் ருசிக்கும் கொஞ்சமாகச் சேர்ப்பவை. காய்ச்சுகிற மொத்த தானியத்தில் பேஸ் மால்ட் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பல நல்ல பீர்களில் நூற்றுக்கு நூறும் அதுதான்.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வைத்துக் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்காக வேறொருவர் மாஷ் செய்து, தண்ணீரை வற்றவைத்துத் தந்திருக்கிறார், அவ்வளவுதான். எக்ஸ்ட்ராக்ட்டும் பில்ஸ்னர், பேல், மியூனிக், கோதுமை என்றே வரும். கீழே வருவதில் ருசி பற்றியவை உங்களுக்கும் பொருந்தும், நொதிக் கணக்கைத் தாண்டிப் போய்விடலாம். மியூனிக் எக்ஸ்ட்ராக்ட்டிலும் கோதுமை எக்ஸ்ட்ராக்ட்டிலும் வேறு மால்ட் கலந்திருப்பது வழக்கம் என்பதால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெயரைப் பார்க்காதீர்கள், சூட்டைப் பாருங்கள்

கடைப் பட்டியலில் இருபது பெயர் இருக்கும். தலை சுற்ற வேண்டாம். முளைத்த பார்லியை எவ்வளவு சூட்டில், எவ்வளவு ஈரம் இருக்கும்போது உலர்த்தினார்கள் என்பதுதான் பெரும்பாலான பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் விஷயம். சூடு ஏற ஏற நிறமும் ருசியும் கூடும், நொதி குறையும். இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் எந்தப் புதுப் பெயர் வந்தாலும் அதை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

கோட்டின் வெளிர் முனையில் பில்ஸ்னர் மால்ட். கடைசிச் சூடு 80, 85 டிகிரியோடு நிற்கும். நிறம் 3, 4 ஈபிசி (ஐரோப்பிய நிற அளவு, எண் கூடினால் கருமை கூடும்), வைக்கோல் நிறம். பச்சைத் தானியம், காய்ந்த புல், லேசாகத் தேன். குளிரில் மெல்ல நொதிக்கும் லாகருக்கும், சற்றுக் கதகதப்பில் நொதிக்கும் ஏல்களில் வெளிறிய பெல்ஜிய வகைகளுக்கும் இதுதான். இதோடு ஒரு சின்னத் தொல்லை வரும். குறைந்த சூட்டில் உலர்த்தியதால், டைமெத்தில் சல்பைடு என்ற சேர்மத்தின் மூலப்பொருள் மணிக்குள் தங்கிவிடுகிறது. வொர்ட்டை, அதாவது மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாற்றைக் கொதிக்கவைக்கும்போது அது வெளிவரும், வேகவைத்த மக்காச்சோள வாடை அடிக்கும். தீர்வு எளிது. மூடியைத் திறந்து வைத்து, 60 நிமிடத்துக்குப் பதில் 90 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள், அடுப்பை அணைத்ததும் சீக்கிரம் குளிரவையுங்கள். பாத்திரத்தை மூடிவைத்துக் கொதிக்கவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. ஆவியோடு போக வேண்டியது மூடியில் பட்டு உள்ளேயே சொட்டும்.

அடுத்து பேல் மால்ட். வட அமெரிக்காவில் இதை வெறுமனே டூ-ரோ என்பார்கள், இருவரிசை என்று பொருள். பார்லிக் கதிரை மேலிருந்து பார்த்தால் சில ரகங்களில் மணி இரண்டு வரிசையாக இருக்கும், சிலவற்றில் ஆறு வரிசை. ஆறுவரிசை மணி சிறியது, புரதமும் நொதியும் அதிகம், நிறைய மக்காச்சோளமோ அரிசியோ சேர்த்துக் காய்ச்சுகிறவர்களுக்கு உதவும். தொடக்கத்தில் உங்களுக்கு அது வேண்டியதில்லை. டூ-ரோவின் ருசி சாது. தான் இருப்பதே தெரியாமல் ஒதுங்கி நின்று ஹாப்ஸைப் பேசவிடும்.

பேல் ஏல் மால்ட் பெயரில் பேல் மால்ட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி தெரிந்தாலும் ஆள் வேறு. கொஞ்சம் கூடுதல் சூடு பார்த்தது, 5 முதல் 7 ஈபிசி. பிஸ்கட், லேசான பருப்பு வாசம். பிரிட்டிஷ் வகை ஏல், போர்ட்டர், ஸ்டவுட் எல்லாவற்றுக்கும் அடித்தளம். இந்த வரிசையில்தான் மாரிஸ் ஆட்டர் என்ற பெயரை அடிக்கடி கேட்பீர்கள். அது ஒரு தயாரிப்பு முறையின் பெயர் இல்லை, பார்லி ரகத்தின் பெயர். 1960-களில் கேம்பிரிட்ஜின் பயிர் இனப்பெருக்க நிலையத்தில் ப்ராக்டர், பயனியர் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கினார்கள். நிலையம் இருந்த தெரு மாரிஸ் லேன். அங்கே பிறந்த மாரிஸ் பைப்பர் உருளைக்கிழங்குக்கும் அதே தெருப் பெயர்தான் முன்னால் நிற்கிறது. விளைச்சலில் புதிய ரகங்கள் இதைத் தாண்டிப் போய்விட்டன. ருசிக்காகக் காய்ச்சுகிறவர்கள் விடாப்பிடியாகக் கேட்பதால்தான் இன்னும் விதைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் புகழ்பெற்ற கோல்டன் பிராமிஸ் இன்னொரு ரகம், காமாக் கதிர் பாய்ச்சி மரபணுவை மாற்றிப் பெற்றது. ரகத்துக்கு ரகம் ருசி வேறுபடும் என்பது உண்மைதான். ஆனால் சூடு உண்டாக்கும் வேறுபாட்டுக்கு முன்னால் அது சிறியது. முதல் ஆண்டில் ரகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

வியன்னா, மியூனிக் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே பயணத்தின் பிள்ளைகள். 1833-இல் மியூனிக்கின் கேப்ரியல் செடில்மாயரும் வியன்னாவின் ஆன்டன் டிரெஹரும் பிரிட்டனின் பீர் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. உள்ளே குழலாகக் குடைந்து வால்வு வைத்த கைத்தடியை நொதிக்கும் தொட்டியில் விட்டு, யாருக்கும் தெரியாமல் மாதிரி எடுத்துவந்து அறையில் அளந்து பார்த்தார்கள். புகை படாமல், சூட்டைக் கட்டுப்படுத்தி மால்ட்டை உலர்த்தும் பிரிட்டிஷ் முறையை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1841-இல் டிரெஹரின் வியன்னா லாகர் வந்தது. அடுத்த ஆண்டே பில்சன் நகரில் யோசெஃப் குரோல் வெளிர் மால்ட்டில் பொன்னிற லாகர் காய்ச்சினார். இன்று நாம் கடையில் கேட்கும் மூன்று பெயர்களும் மூன்று ஊர்களின் பெயர்கள்தான்.

வியன்னா 6 முதல் 9 ஈபிசி, லேசாக வாட்டிய ரொட்டி. மியூனிக் 15 முதல் 25 வரை, ரொட்டியின் மேல்தோல் ருசி. மியூனிக்கைச் சூடேற்றத் தொடங்கும்போது மணியில் ஈரம் கூடுதலாக விட்டுவைப்பார்கள். ஈரத்தோடு சூடு சேரும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடி அந்த நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. முழுக்க மியூனிக்கிலேயே காய்ச்சலாம், நொதி தனக்குத் தேவையான அளவு இருக்கும். பிறருக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு இருக்காது.

கோதுமை மால்ட்டிலும் நொதி உண்டு, உமிதான் கிடையாது. மாஷ் முடிந்து வொர்ட்டை வடிக்கும்போது பார்லி உமிதான் வடிகட்டியாகக் கிடந்து உதவுகிறது. முழுக்கக் கோதுமை போட்டால் கூழாகி அடைத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி பார்லியோடு சேருங்கள். அதற்கு மேல் போனால் ஒரு பிடி நெல் உமி கலந்துகொள்ளுங்கள்.

முதல் படி: எந்தப் பீர் வேண்டும் என்று முடிவெடுங்கள்

மால்ட்டிலிருந்து பீருக்குப் போகாதீர்கள், பீரிலிருந்து மால்ட்டுக்கு வாருங்கள். தெளிவான, மெலிந்த லாகர் வேண்டுமா? பில்ஸ்னர். ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐபிஏவா? டூ-ரோ. ஸ்டவுட், போர்ட்டர், பிரிட்டிஷ் பிட்டரா? பேல் ஏல். செம்பழுப்பு நிறத்தில் மால்ட் ருசி முன்னால் நிற்க வேண்டுமா? வியன்னா அல்லது மியூனிக்.

"எல்லாமும் காய்ச்சிப் பார்க்கணும், ஒன்றுதான் வாங்க முடியும்" என்றால் என் பதில் பேல் ஏல் மால்ட். ஒரு மணி நேரக் கொதி போதும், மக்காச்சோள வாடைப் பயம் கிட்டத்தட்ட இல்லை, நொதி தாராளம், தனியாகப் போட்டாலும் குடிக்க ருசி இருக்கும். லாகர் காய்ச்சினால் நிறம் கொஞ்சம் கூடும், குடியா முழுகிப்போய்விடும்? டூ-ரோவும் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக் காய்ச்சிக் கற்றுக்கொள்ள அதில் பேச்சு குறைவு.

இரண்டாம் படி: வாயில் போட்டு மென்று பாருங்கள்

முழு மணி ஒன்றைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடியுங்கள். நல்ல மால்ட் பொரபொரவென்று உடைந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடியாகும், பின்னாலேயே மெல்ல இனிக்கும். நடுவில் கல் மாதிரி கடினமான பகுதி தட்டுப்பட்டால் முளைத்தது போதவில்லை. உடையாமல் தோல் மாதிரி வளைந்தால் காற்றிலிருந்து ஈரம் குடித்துவிட்டது. பழைய எண்ணெய் வாசனை வந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மெல்வதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, அதில் விழுந்தவன்தான் நான். வாயில் இனிப்பது மாஷில் சர்க்கரை தரும் என்று பொருள் இல்லை. ருசியைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் சூடான ஊறல் வைத்துப் பாருங்கள். அமெரிக்கப் பீர் வேதியியலாளர் சங்கம் ஏற்றுக்கொண்ட முறையை ஒட்டியது இது, வீட்டுச் சமையலறையில் அப்படியே செய்யலாம். ஒவ்வொரு மால்ட்டிலும் 50 கிராம் எடுத்து காபிக்கொட்டை அரைக்கிற இயந்திரத்தில் மாவாக அரையுங்கள். ஃபிளாஸ்க்கில் போட்டு, 65 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 400 மில்லி ஊற்றிக் குலுக்கி மூடுங்கள். 15 நிமிடம் கழித்து ஒருமுறை கலக்கி, காபி வடிதாளில் ஊற்றி வடியவிடுங்கள்.

மூன்று கண்ணாடி டம்ளரில் பில்ஸ்னர், பேல் ஏல், மியூனிக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது இளநீர் மாதிரி வெளிறிக் கிடக்கும், மூன்றாவது தேன் நிறம். முகர்ந்தால் முதலாவதில் வெட்டிய புல்லும் பச்சை மாவும். இரண்டாவதில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்த வாசம். மூன்றாவதில் ரொட்டி வேகிற அடுப்புப் பக்கம் நின்ற மாதிரி இருக்கும். இதுவரை "மால்ட் ருசி" என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருந்ததில் இத்தனை இருக்கிறதா என்று நான் வியந்தது அந்த மேசையில்தான். அரைமணி நேர வேலை, மூன்று முறை காய்ச்சித் தெரிந்துகொள்வதைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது. கூடவே யாரையாவது உட்கார வைத்து, அவர்கள் சொல்லும் சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். என் மூக்குக்குப் பருப்பு என்று பட்டது என் நண்பருக்கு அட்டைப்பெட்டியாகப் பட்டது.

மூன்றாம் படி: ஆய்வுச் சீட்டைப் படியுங்கள்

மால்ட் ஆலைகள் ஒவ்வொரு வகைக்கும், பல நேரம் ஒவ்வொரு தயாரிப்புக்கும், ஓர் ஆய்வுச் சீட்டு தருகின்றன. அதில் பதினைந்து எண் இருக்கும். ஐந்தைப் பார்த்தால் போதும்.

நிறம். இங்கேதான் பெரிய குழி. ஐரோப்பியச் சீட்டுகளில் ஈபிசி, அமெரிக்கச் சீட்டுகளில் லோவிபாண்ட். ஈபிசி எண் லோவிபாண்டைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூட்டையில் மியூனிக் 20 என்று மட்டும் போட்டிருந்தால், ஈபிசியாக இருக்கும்போது அது 10 லோவிபாண்ட், சாதாரண மியூனிக். லோவிபாண்டாக இருந்தால் 40 ஈபிசி, அது நல்ல கருமையான வகை. எந்த அளவு என்று கேட்காமல் வாங்காதீர்கள். லோவிபாண்ட் என்பது ஜோசஃப் லோவிபாண்ட் என்ற மனிதரின் பெயர். பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர், நிறக் கண்ணாடித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பீரின் நிறத்தை ஒப்பிடும் கருவியைச் செய்தார்.

நொதி வலிமை. லின்ட்னர் என்ற அளவில் இருக்கும். ஐரோப்பியச் சீட்டில் விண்டிஷ்-கோல்பாக் என்று வேறு அளவு இருந்தால், அந்த எண்ணோடு 16 கூட்டி 3.5-ஆல் வகுத்தால் லின்ட்னர் கிடைத்துவிடும். பில்ஸ்னரும் டூ-ரோவும் 100-ஐத் தாண்டி நிற்கும். மியூனிக் 40-ஐ ஒட்டிக்கூட இருக்கலாம்.

எக்ஸ்ட்ராக்ட், அதாவது மணியின் உலர் எடையில் எவ்வளவு கரைந்து வொர்ட்டுக்கு வரும் என்பது. நல்ல பேஸ் மால்ட்டில் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புரதம் 9-இலிருந்து 12-க்குள் இருந்தால் நல்லது, மிகக் கூடினால் பீர் கலங்கும். ஈரம் 4, 5 சதவீதம். 6-ஐத் தாண்டினால் நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள், மால்ட்டும் சீக்கிரம் கெடும்.

பழைய குறிப்புகளில் புரதத்தை உடைப்பதற்காக 50 டிகிரியில் மாஷைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் புரத ஓய்வு என்று ஒரு கட்டம் இருக்கும். இன்றைய மால்ட் முளைக்கும்போதே அந்த வேலையை முடித்துவிட்டு வருகிறது. மறுபடியும் செய்தால் நுரை நிற்காது. விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: இரண்டு கணக்கு

எவ்வளவு மால்ட் வேண்டும்? ஒரு கிலோ பேஸ் மால்ட் முழுக்கக் கரைந்தால் ஒரு லிட்டரில் சுமார் 300 புள்ளி தரும். புள்ளி என்றால் ஹைட்ரோமீட்டரில் 1.000-க்கு மேல் வரும் எண். வீட்டுச் சாமானில் அதில் 70 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 210. உங்களுக்கு 20 லிட்டர், 1.050 வேண்டும். 50-ஐ 20-ஆல் பெருக்கினால் 1000. அதை 210-ஆல் வகுத்தால் 4.8 கிலோ. முடிந்தது. முதல் தடவை அந்த 70 சதவீதம் உங்களுக்கு 60-க்கு இறங்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. வந்த எண்ணைக் குறித்துவைத்து அடுத்த முறை அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நொதி போதுமா? பேஸ் மால்ட்டோடு ஓட்ஸ், மக்காச்சோள அவல் என்று நொதி இல்லாதவற்றைச் சேர்க்கும்போது மட்டும் இந்தக் கணக்கு. ஒவ்வொன்றின் எடையையும் அதன் லின்ட்னர் எண்ணால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுங்கள். 35-க்கு மேல் இருந்தால் போதும். 40 லின்ட்னர் மியூனிக் 3 கிலோவோடு ஓட்ஸ் அவல் 2 கிலோ சேர்த்தால் 120-ஐ 5-ஆல் வகுக்க 24 வருகிறது. மாஷ் பாதியில் நின்றுவிடும். மியூனிக்குக்குப் பதில் 110 லின்ட்னர் பில்ஸ்னர் போட்டால் 66, கவலையே இல்லை.

சந்தேகம் இருந்தால் அயோடின் சோதனை. மாஷிலிருந்து ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு ஆறவைத்து, அயோடின் ஒரு துளி சேருங்கள். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் பொறுங்கள். அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நின்றால் வேலை முடிந்தது. உமித்துணுக்கு விழுந்தால் அதுவும் கறுக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சோதித்த துளியைக் கழுவிக் கொட்டுங்கள், மாஷில் திருப்பி ஊற்றக் கூடாது.

தண்ணீரைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று மட்டும். வெளிர் மால்ட் மாஷின் பிஹெச்சை அதிகம் இறக்காது, அடர் மால்ட் இறக்கும். மாஷ் 5.2 முதல் 5.6-க்குள் இருக்க வேண்டும். உங்கள் தண்ணீர் காரத்தன்மை கூடிய கடின நீராக இருந்து பில்ஸ்னரில் துவர்ப்பு அடித்தால் மால்ட்டைச் சந்தேகப்படும் முன் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். பில்சன் நகரின் தண்ணீர் மிக மென்மையானது, மியூனிக்கினுடையது காரத்தன்மை கூடியது. அந்தந்த ஊரில் அந்தந்தப் பீர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் படி: வாங்குவதும் வைத்திருப்பதும்

உடைக்காத மணியாக வாங்கினால், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் ஆண்டு தாங்கும். உடைத்தது சில வாரம்தான். உங்களிடம் மால்ட் உடைக்கும் மில் இல்லையென்றால் கடையிலேயே உடைத்து வாங்குங்கள், ஆனால் அந்த வாரம் காய்ச்சப் போகும் அளவு மட்டும். மில் இருந்தால் உருளை இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வைத்துத் தொடங்குங்கள். உமி முழுசாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது உடைந்திருக்க வேண்டும். மாவாக அரைத்தால் வடிக்கும்போது அடைத்துக்கொள்ளும். உடைக்கும் வேலையை ஈஸ்ட் நொதித்துக்கொண்டிருக்கும் அறையில் செய்யாதீர்கள். மால்ட் தூசியில் புளிப்பேற்றும் பாக்டீரியா நிறைய உண்டு.

ஒரு வகை கிடைக்கவில்லை என்றால் காய்ச்சுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பேல் ஏல் இல்லையா, டூ-ரோவில் பத்தில் ஒரு பங்கு மியூனிக் சேருங்கள். வியன்னா இல்லையா, மூன்றில் இரண்டு பங்கு பில்ஸ்னர், ஒரு பங்கு மியூனிக். கண்ணை மூடிக் குடித்தால் பெரும்பாலோர் கண்டுபிடிக்க மாட்டார்கள். நானும்தான்.

அப்புறம், வீட்டில் பீர் காய்ச்சுவதை உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை மூட்டைக்குப் பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: தனியாகக் காய்ச்சிப் பாருங்கள்

தேர்ந்தெடுத்த மால்ட்டைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதை மட்டும் போட்டுக் காய்ச்சுவது. ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், அடக்கமான ஓர் ஏல் ஈஸ்ட்.

பத்து லிட்டருக்கு 2.5 கிலோ. கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 7.5 லிட்டர் தண்ணீரை 72 டிகிரிக்குச் சூடேற்றி, உடைத்த மால்ட்டைக் கொட்டிக் கட்டி இல்லாமல் கிளறுங்கள். மால்ட் 25 டிகிரி அறையில் இருந்தால் மாஷ் 66-இல் வந்து நிற்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு வடித்து, 75 டிகிரித் தண்ணீரால் அலசி, கொதித்து வற்றுவதையும் சேர்த்து 13 லிட்டர் வரை சேகரித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள், பில்ஸ்னர் என்றால் ஒன்றரை மணி. ஹாப்ஸ் மென்மையானதாக, கசப்புக்கு மட்டும் போதுமான அளவு. மணத்துக்காகக் கடைசியில் அள்ளிப் போடும் ஆசையை இந்த ஒரு தடவை அடக்கிக்கொள்ளுங்கள், மால்ட் சொல்வது காதில் விழாது.

பீர் தயாரானதும் மேசையில் பார்த்த அந்த ஊறலின் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு குடியுங்கள். பிஸ்கட் என்று எழுதியது பீரில் எங்கே போயிற்று, இனிப்பு போன பிறகு என்ன மிஞ்சியது என்று தேடுங்கள். அடுத்த தடவை ஈஸ்ட், ஹாப்ஸ், சூடு எதையும் மாற்றாமல் மால்ட்டில் கால் பங்கை மட்டும் மியூனிக்காக்கிப் பாருங்கள். 2.5 கிலோவில் 600 கிராம். இரண்டு புட்டியைப் பக்கத்தில் வைத்து ஊற்றும்போது நிறம் முதலில் காட்டிக்கொடுக்கும். அதற்கு அப்புறம் உங்களுக்கு மியூனிக் பிடித்திருக்கிறதா, எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மூட்டை வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.